மணிக்கு இப்போது மழை வேண்டாம்

கேள்வி: வணக்கம் டாக்டர். கரூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரு சாம்பல் நிறக் காக்டெய்ல் கிளி வாங்கினோம். ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மணி என்று பெயர் வைத்தோம். தனியாகத்தான் இருக்கிறான். போன ஆடியில் ஒரு நாள் காலை பார்த்தால் கூண்டுத் தட்டில் முட்டை! அன்றிலிருந்து எட்டு மாதத்தில் நான்கு முறை, மொத்தம் 21 முட்டை. எப்படியும் குஞ்சு பொரிக்காது என்று போடப் போட எடுத்துவிடுகிறேன். கடைசியாகப் போட்டது கெட்டி ஓடு இல்லாத தோல் முட்டை. அதற்கு முன்பு அரை நாள் கூண்டின் மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரியில் திடீர் திடீரென்று சிறகடித்துக் கம்பியில் மோதுகிறான், ஒரு முறை ரத்தமும் வந்தது. என் கணவர் முதுகைத் தடவினால் வாலைத் தூக்கிக்கொண்டு முனகுகிறான். நான் கையை நீட்டினால் கொத்துகிறான். சாப்பாடு சூரியகாந்தி விதை, தினை, காலையில் கொஞ்சம் பால்சோறு. கூண்டு இருப்பது ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில். "ஜோடி இல்லாத ஏக்கம், ஒரு ஆண் பறவை வாங்கி விடு" என்கிறார் மாமியார். "கோழி தினமும் போடுகிறது, இது போட்டால் என்ன" என்கிறார் கணவர். ஜோடி வாங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வாங்க வேண்டாம். குறைந்தது இன்னும் ஆறு மாதத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். மணியை இனி 'அவள்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. காக்டெய்லின் எடை ஏறக்குறைய 90 கிராம். அதன் முட்டை ஒன்று சுமார் 5 கிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று கிலோ குழந்தையைப் பெறுவதற்குச் சமம் அது. 21 முட்டை என்றால் 105 கிராம். எட்டு மாதத்தில் மணி தன் மொத்த உடம்பைவிட அதிகமாக முட்டையாக இறக்கி வைத்துவிட்டாள். நாமக்கல் பண்ணைக் கோழியோடு இவளை ஒப்பிடக் கூடாது. வருடத்துக்கு 300 முட்டை போடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய கோழி அது. அதன் தீவனமும் அதற்காகவே சுண்ணாம்புச் சத்து கலந்து அரைத்தது. மணிக்குக் கிடைப்பது சூரியகாந்தி விதையும் தினையும் பால்சோறும்தான். ஓடு கட்டத் தேவையான கால்சியத்தை அவள் தன் எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் தீர்ந்துவருகிறது என்பதற்கான அறிவிப்புதான் நீங்கள் பார்த்த தோல் முட்டை.

ஜோடி இல்லாத ஏக்கத்தில் அவள் முட்டையிடவில்லை. உங்கள் வீட்டில் இப்போது மழைக்காலம் என்று அவள் உடம்பு நம்புகிறது. இது புரிய வேண்டுமானால் அவளுடைய சொந்த ஊரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

காக்டெய்ல் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பறவை. காக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது. கடற்கரை நகரங்களின் பசுமைப் பக்கம் அதிகம் தலைகாட்டாது. உள்ளே, வறண்ட புல்வெளிகளும் முட்புதர்களும் யூகலிப்டஸ் மரங்களும் உள்ள இடங்களில் கூட்டமாக அலையும். ஓரிடத்தில் தங்காது. எங்கே தண்ணீரோ, எங்கே புல் விதை முற்றியிருக்கிறதோ அங்கே போய்விடும். நாம் கிளி என்றதும் மரத்தில் பழம் கொறிக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். இவை தரையில் இறங்கி, உதிர்ந்த புல் விதைகளைப் பொறுக்கித் தின்பவை. காலையிலும் மாலையிலும் மேய்ச்சல், உச்சி வெயிலில் பட்ட மரக் கிளைகளில் ஓய்வு. விவசாய நிலம் பக்கத்தில் இருந்தால் சோளக் கொல்லையிலும் சூரியகாந்தித் தோட்டத்திலும் இறங்கிவிடுவதால் அங்கே உழவர்களுக்கு இவற்றின் மேல் கோபமும் உண்டு.

அந்த நிலத்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்தப் பறவையின் உடம்பு எந்நேரமும் தயாராகக் காத்திருக்கும். மழை பெய்து, புல் முளைத்து, பால் பிடித்த விதை ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஜோடிகள் மரப்பொந்து தேடும். நான்கிலிருந்து ஏழு முட்டை வரை. பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெண். இருபது நாள் வாக்கில் குஞ்சு வெளிவரும். மழை தொடர்ந்தால் அடுத்த ஈடு, அதாவது அடுத்த சுற்று முட்டை. காய்ந்துவிட்டால் ஆசையெல்லாம் அடங்கி, கூட்டத்தோடு மறுபடி பயணம்.

சரி, இப்போது உங்கள் ஹாலைப் பாருங்கள். தீவனக் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கிறது. குஞ்சுக்கு ஊட்டுவதைப் போல வெதுவெதுப்பான பால்சோறு தினமும் கிடைக்கிறது. டிவி அணையும் வரை ஹாலில் வெளிச்சம் இருக்கும், விடியற்காலையில் சமையலறை விளக்கு எரியத் தொடங்கிவிடும், ஆக அவளுக்குப் பகல் 16, 17 மணி நேரம். முதுகைத் தடவ ஒரு துணை வேறு. ஆமாம், உங்கள் கணவரைத்தான் அவள் துணையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். வாலைத் தூக்கி முனகுவது இணை சேர அழைக்கும் பெண் பறவையின் செயல். உங்களைக் கொத்துவதும் அதனால்தான், ஜோடிக்கு நடுவே வரும் ஆளை விரட்டுகிறாள். உங்கள் மேல் வெறுப்பு என்று மனம் நோக வேண்டாம். மழை நின்றால் அந்தக் கோபமும் தணிந்துவிடும்.

ஆக, மருந்து என்பது மணியின் உலகத்தில் மெதுவாகக் கோடையைக் கொண்டுவருவதுதான். பட்டினி போடச் சொல்கிறேன் என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பறவை, ஒன்றிரண்டு நாள் சாப்பிடாவிட்டாலே ஆபத்து.

முதல் வேலை, முட்டையை எடுப்பதை நிறுத்துங்கள். இது பலருக்கும் வியப்பாக இருக்கும். மருத்துவம் பார்க்கத் தொடங்கிய முதல் இரண்டு வருடங்களில் நானே "எடுத்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். காட்டில் பாம்போ வேறெதுவோ முட்டையைத் தின்றுவிட்டால் பெண் பறவை அந்த இழப்பை ஈடுகட்ட மேலும் முட்டையிடும். நீங்கள் ஒவ்வொரு காலையும் எடுக்கிறீர்கள், அவள் ஒவ்வொரு முறையும் ஈடுகட்டுகிறாள். அடுத்த முறை போட்டால் அப்படியே விடுங்கள். நான்கோ ஐந்தோ சேர்ந்ததும் அடைகாக்க உட்காருவாள், உட்கார்ந்ததும் இடுவது நிற்கும். மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் வராது என்று தெரிந்ததும் அவளாகவே எழுந்து போய்விடுவாள். அதற்குப் பிறகு எடுத்தால் போதும். நடுவில் முட்டை உடைந்தால் மட்டும் அகற்றிவிட்டு, புறா வளர்ப்பவர்கள் வைக்கும் பிளாஸ்டிக் முட்டை ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். அவளுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது வெளிச்சம். மாலை ஆறரைக்குக் கூண்டைச் சத்தமில்லாத இருட்டு அறைக்கு மாற்றி, காலை ஆறரை வரை அங்கேயே வையுங்கள். முட்டையை நிறுத்துவதில் என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. டிவி பார்க்கும் நேரத்தில் அவள் தோளில் இல்லாதது உங்கள் கணவருக்குத்தான் முதலில் கஷ்டமாக இருக்கும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தடவலாம், ஆனால் தலையும் கழுத்தும் மட்டும். கொண்டைக்குக் கீழே, காதோரம், கன்னத்து ஆரஞ்சுப் பொட்டைச் சுற்றி விரல் நுனியால் எதிர்த்திசையில் நீவிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். கூட்டத்தில் பறவைகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் உபசாரம் அது. முதுகும் இறக்கைக்கு அடிப்பக்கமும் வேண்டாம்.

கூண்டுக்குள் மண்சட்டி, தேங்காய் ஓடு, மரப்பெட்டி என்று பொந்து போல எது இருந்தாலும் இந்த ஈடு முடிந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். வெளியே விடும்போது சோபாவுக்கு அடியில், செருப்பு அலமாரியில், துணி பீரோவின் கீழ்த்தட்டில் நுழையப் பார்ப்பாள். அந்த இடங்களை அடைத்துவையுங்கள். தட்டில் விரிக்கும் செய்தித்தாளைக் கிழித்துக் குவித்தால் கூடு கட்டத் தொடங்கிவிட்டாள் என்று பொருள். தட்டுக்கு மேலே கம்பி வலை போட்டுவிடலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பால்சோறு இன்றோடு நிற்கட்டும். பறவைக்குப் பால் செரிக்காது, அது தாய்ப்பால் குடித்து வளரும் உயிரல்ல. சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. அதைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, கைக்கு வந்தால் பரிசாக இரண்டு மூன்று விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கொத்துவதைக் குறைக்கவும் அது உதவும், அந்தப் பரிசு உங்கள் கையிலிருந்து மட்டுமே கிடைக்கட்டும். தினை, சாமை, குதிரைவாலி, கம்பு கலந்து நாளுக்கு 10 முதல் 15 கிராம் போதும். காலையில் பாதி, மாலையில் பாதி. தராசில் நிறுத்துப் போடுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். உமியைப் பார்த்துக் கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று பலர் ஏமாந்துபோகிறார்கள், ஊதிப் பாருங்கள்.

வெறும் தானியத்தில் வைட்டமின் ஏ இல்லை, கால்சியமும் போதாது. நம் ஊரில் இந்த இரண்டுக்கும் முருங்கைக்கீரையைவிட நல்லது ஒன்றை நான் பார்க்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கொத்தைக் கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் நாள் பயப்படுவாள். இரண்டாம் நாள் இலையை உருவிப் போடுவாள், தின்ன மாட்டாள். பத்துப் பதினைந்து நாள்கூட ஆகலாம், விடாதீர்கள். நீங்களும் அவள் எதிரில் ஒரு இலையை மென்று காட்டுங்கள், கூட்டத்தில் மற்றவர் தின்பதைப் பார்த்துத்தான் இவை புது உணவைத் தொடும். துருவிய கேரட், வேகவைத்து ஆறிய மஞ்சள் பூசணி, கொத்தமல்லி எல்லாம் சரி. பாலக்கீரையை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் போட்ட எதுவும் அறவே கூடாது.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது, முழுத் துண்டாக வாங்கிக் கம்பியில் செருகிவையுங்கள், மிருதுவான பக்கம் அவளைப் பார்த்து இருக்கட்டும். ஆனால் கால்சியம் வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது, உடம்பு அதை ஏற்க வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் கூண்டை மொட்டை மாடியில் அரை மணி நேரம், பாதிக் கூண்டின் மேல் துணி போட்டு நிழலோடு வைத்து, பக்கத்திலேயே நீங்களும் உட்காருங்கள். காக்கையையும் பூனையையும் நம்ப முடியாது.

ஒரு வேண்டுகோள். அவள் தரையில் மேயப் பிறந்தவள். தானியத்தைக் கிண்ணத்தில் போடாமல் ஒரு பெரிய தட்டில் காய்ந்த வைக்கோல் துண்டுகள், சுத்தமான கூழாங்கற்களோடு கலந்து தரையில் வைத்துப் பாருங்கள். குனிந்து, கிளறி, நாலடி நடந்து, ஒரு விதையைக் கண்டெடுத்து உமி நீக்கி, தலையை நிமிர்த்தி ஒரு முறை சுற்றும் பார்த்துவிட்டு மறுபடி குனிவாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பழைய நிலம் திரும்பக் கிடைத்த மாதிரி. வேலை இருக்கும் பறவைக்குக் கூடு கட்டும் நினைப்பும் குறையும்.

அடுத்து நான் சொல்வதை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து மணிக்கு இப்போது அதிகம். ஓடு கட்டவும் கால்சியம் வேண்டும், முட்டையைத் தள்ளும் தசை சுருங்கவும் அதே கால்சியம்தான் வேண்டும். ஓடு மெலிந்த முட்டை வழுக்கி வெளியே வராது, தள்ளவும் தெம்பு இருக்காது. ஒரு பள்ளி மாணவனும் அவன் தாத்தாவும் செருப்புப் பெட்டியில் ஒரு காக்டெய்லைக் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தேன். இறகு உப்பி, கண் பாதி மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. ஒரு கால் மடங்காமல் நீண்டு கிடந்தது, உள்ளே இருந்த முட்டை கால் நரம்பை அழுத்தியிருந்தது. "ரெண்டு நாளா டல்லா இருந்துச்சு, சரியாயிடும்னு பார்த்தோம்" என்றார் பெரியவர். கால்சியம் ஊசி போட்டு வெப்பத்தில் வைத்து இரவெல்லாம் பக்கத்தில் இருந்தேன். விடியும் முன் இறந்துவிட்டது. அந்தப் பையன் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. வேட்டையாடப்படும் பறவைகள் நோயை வெளியே காட்டாது. வெளியே தெரியும்போது ஏற்கெனவே முற்றியிருக்கும்.

ஆகவே உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்வது, வாலை ஏற்றி இறக்கி மூச்சு விடுவது, முக்குவது, காலைத் தாங்கித் தாங்கி நடப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். கிளம்பும் வரை துணி விரித்த அட்டைப் பெட்டியில், 30 டிகிரி அளவு கதகதப்பில் வையுங்கள். பங்குனி சித்திரையில் கரூர் சூடே அதற்குப் போதும், மின்விசிறியும் ஏசியும் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. மழை, குளிர் நாட்களில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். வயிற்றை அமுக்காதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். இப்போது நன்றாக இருந்தாலும் இந்த வாரமே ஒரு முறை கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து, சொட்டு மருந்தாகக் கால்சியம் எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லட்டும். எடைக்கு ஏற்ற அளவு முக்கியம், மனிதர்களுக்கான டானிக்கைக் கண்ணளவில் ஊற்றுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் சொன்ன எதற்கும் முட்டை நிற்காவிட்டால் ஹார்மோன் ஊசி இருக்கிறது, அதைக் கடைசியாக யோசிக்கலாம்.

இரவில் அடித்துக்கொள்வது இந்த இனத்துக்கே உள்ள பயம். கும்மிருட்டில் ஒரு பல்லி ஓடினாலோ, தெருவில் பட்டாசு வெடித்தாலோ, வண்டி வெளிச்சம் சுவரில் ஓடினாலோ, பருந்து பாய்ந்துவிட்டது என்று நினைத்துக் கண்மூடித்தனமாகக் கிளம்பும். கூண்டில் எங்கே போக முடியும்? இருட்டில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு விளக்கும் போடச் சொல்வது முரணாகத் தோன்றலாம். அறையின் எதிர் மூலையில், கம்பி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு மங்கலான இரவு விளக்கு போதும், அது பகலாகக் கணக்காகாது. மறுபடி அடித்துக்கொண்டால் பெரிய விளக்கைச் சட்டென்று போடாமல் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் குரல் கேட்டால் நிற்பாள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும், அது ஒடிந்தால்தான் அவ்வளவு ரத்தம். கார்ன்ஃப்ளார் மாவை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கூண்டை அறை மாற்றும்போது ஒரேயடியாகச் சமையலறைப் பக்கத்திலிருந்து அகற்றிவிடுங்கள். நான்-ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து அதிகச் சூடானால் வரும் புகைக்கு நமக்கு வாசனைகூடத் தெரியாது, பறவை சில நிமிடங்களில் செத்து விழும். நம்மைவிடத் திறமையாகக் காற்றை இழுக்கும் நுரையீரல் அதற்கு, நஞ்சையும் அதே திறமையோடு இழுத்துவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே இவையும் அவள் இருக்கும் அறையில் வேண்டாம்.

ஆண் என்று சொல்லிக் கொடுத்ததில் ஏமாற்று இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் வரை இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான். முதல் இறகு உதிர்ந்த பிறகுதான் ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், விதவிதமாக விசிலடிக்கும். பெண்ணுக்கு வாலின் அடிப்பக்கத்தில் கோடு கோடாக வரி அப்படியே இருக்கும். இன்று மணியின் வாலைப் பாருங்கள்.

மாமியார் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. இது கூட்டத்தில் வாழும் பறவை, தனிமை அதற்கு இயல்பல்ல. ஆனால் இந்த நிலையில் ஆணைக் கொண்டுவந்தால் மழைக்கு மேல் வெள்ளம். ஆறு மாதம் முட்டையில்லாமல் கடந்து, எடையும் எலும்பும் தேறட்டும். அப்புறம் வேண்டுமானால் இன்னொரு பெண் பறவையை வாங்குங்கள். புதியதை முதல் ஒரு மாதம் வேறு அறையில் தனியாக வைத்து, எச்சம் சோதித்த பிறகே பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பிறகும் தனித்தனிக் கூண்டு, பொந்து எதுவும் கூடாது. அதுவரை அவளுடைய கூட்டம் உங்கள் வீட்டார்தான். பகலில் யாராவது ஒருவர் இருக்கும் அறையில் கூண்டு இருந்தால் போதும். நீங்கள் வேலை செய்துகொண்டே விசிலடித்தால் அவள் பதில் கொடுப்பாள்.

நாளை காலை தீவனம் வைப்பதற்கு முன்பு சமையலறைத் தராசில் ஒரு சின்னக் குச்சியைப் பொருத்தி அவளை நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் அதே நேரம், காலண்டரில் எழுதிவாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஓரிரு நாளில் ஏறினால் முட்டை வருகிறது. மூன்று வாரக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.